“எறும்பாயிருக்கும், படு” என்று சொன்ன தம்பிக்கு

யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து ஒரு வாசகர் ஐந்து பக்கத்தில் எழுதிய கடிதம், வைத்தியரான என் கைக்கு வந்திருக்கிறது. அவருடைய பெயரையும் ஊரையும் தரவில்லை. அடையாளம் தெரியாதபடி சில சிறு விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். கடிதத்தின் சாரம் இதுதான்.

தைப்பொங்கல் முடிந்த கிழமை, கனடாவிலிருந்து வந்திருந்த மச்சானின் ஆசைக்காக ஐந்து பேர் சுண்டிக்குளம் பக்கம் போயிருக்கிறார்கள். களப்பில் பூநாரைகளைப் பார்ப்பது, கூடாரம் அடித்து ஓர் இரவு தங்குவது, விடியப் பறவைகளைப் படமெடுத்துக்கொண்டு திரும்புவது என்பது திட்டம். தங்கியது தேசியப் பூங்காவின் எல்லைக்கு வெளியே, உறவினர் ஒருவரின் தென்னங்காணியில். மாலையில் களப்போரம் இளஞ்சிவப்பாக நின்ற பறவைகள், கல்லடுப்பில் நண்டும் மீனும் போட்டுக் காய்ச்சிய ஒடியற்கூழ், நடுச்சாமம் வரை பள்ளிக்கூடக் கதைகள். “அப்படி ஒரு நாள் இனி வராது” என்று எழுதியிருக்கிறார்.

நாலு பேர் கூடாரத்துக்குள் படுத்தார்கள். மச்சான் வெளியே பாய் விரித்தார். தை மாதப் பனி கனடாக் குளிருக்குப் பழகிய உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை. வானத்து வெள்ளிகளைப் பார்த்துக்கொண்டு படுக்க வேண்டும் என்பது அவருடைய பலநாள் கனவு. ஒரு மணி போல, முழங்கைக்குப் பக்கத்தில் ஏதோ சுள்ளென்றது என்று வாசகரை எழுப்பினார். இவர் ரோச் அடித்துப் பார்த்தார். காயமில்லை, வீக்கமில்லை, இரத்தமில்லை. “எறும்பாயிருக்கும் மச்சான், படு” என்று சொல்லிவிட்டுத் தானும் படுத்துவிட்டார்.

நாலு மணிக்கு மச்சானுக்கு வயிற்றுவலி, சத்தி. கூழில் போட்ட நண்டுதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து இஞ்சிப் பிளேன்ரீ கொடுத்தார்கள். ஐந்தரைக்கு அவரால் கண்ணைத் திறக்க முடியவில்லை. நித்திரைத் தூக்கம் என்று எண்ணினார்கள். பேச்சுக் குழறிய பிறகுதான் பயம் வந்தது. பாயைத் தூக்கினால் அடியில் பாம்பு: கறுத்த உடம்பு, மெல்லிய வெள்ளை வளையங்கள். அடித்துக் கொன்றார்கள். மேற்கையைச் சாரத் துணியால் இறுக்கிக் கட்டி, பக்கத்து ஊர் விஷகடி வைத்தியரிடம் கொண்டுபோனார்கள். அங்கே பார்வை பார்த்து, மூலிகைச் சாறு பருக்கி, முக்கால் மணித்தியாலம் போனது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ஏழரை மணி. விஷமுறிவு மருந்து ஏற்றத் தொடங்கியதும் உடம்பெல்லாம் தடித்து இரத்த அழுத்தம் விழுந்தது. அதைச் சமாளித்து, மூச்சு நிற்கப்போன நேரத்தில் வெண்டிலேற்றர் என்ற செயற்கைச் சுவாச மெசினில் போட்டு, ஆறு நாள் கழித்துக் குழாயை எடுத்தார்கள். ஒன்பதாம் நாள் காய்ச்சலும் மூட்டுவலியும் தடிப்பும் வந்து, அவையும் மாறிவிட்டன. மச்சான் இப்போது ரொறன்ரோவில் வேலைக்குப் போகிறார்.

நலமில்லாமல் இருப்பது கடிதம் எழுதியவர்தான். நாலு மாதமாக ஒழுங்கான நித்திரை இல்லை. இரவில் மூன்று நாலு தடவை எழும்பி, ரோச் அடித்துக் கட்டிலுக்குக் கீழே பார்க்கிறார். வீட்டில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்: நாட்டு வைத்தியர்தான் காப்பாற்றினார், இங்கிலிஷ் மருந்துதான் ஆளை மெசினுக்கு அனுப்பியது, ஒன்பதாம் நாள் வந்தது மிச்ச விஷம், கொன்ற பாம்பின் சோடி தேடி வரும். “அவனை நான்தான் சாகக் கொடுக்கப் பார்த்தேனா?” என்பது அவருடைய முதற் கேள்வி. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தம்பி, நீங்கள் விவரித்த பாம்பு கட்டுவிரியன். எண்ணெய் விரியன், எட்டடி விரியன் என்றும் நம் பக்கத்தில் சொல்வார்கள். பகலில் தொட்டால்கூடச் சுருண்டு தலையை ஒளித்துக்கொள்ளும் கூச்சமுள்ள பிராணி அது. இரவில்தான் இரை தேடும். நித்திரையில் புரளும்போது கையோ காலோ அதை அமத்தினால் கடித்துவிடும். அதன் பல் மிகச் சிறியது. பெரும்பாலான கடிகளில் நோவு இல்லை, வீக்கம் இல்லை, பல்லடையாளம்கூடக் கண்ணுக்குத் தெரிவதில்லை. கடிபட்டவர் சில வேளை எழும்புவதே இல்லை. உங்கள் மச்சான் எழும்பினார். நீங்களும் வெளிச்சம் அடித்துப் பார்த்தீர்கள். எறும்பு கடித்த இடமும் கட்டுவிரியன் கடித்த இடமும் ரோச் வெளிச்சத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

இதைச் சொல்வதற்கு எனக்கு இன்னொரு உரிமையும் இருக்கிறது. பயிற்சிக் காலத்தில் ஒரு விடியற்காலை, வயிற்றுவலியும் சத்தியும் என்று ஒரு கமக்காரர் வந்தார். வடிவாகப் பரிசோதித்துவிட்டு இரைப்பைப் புண்ணுக்கு மருந்து எழுதி வாட்டுக்கு அனுப்பினேன். ஒரு மணித்தியாலம் கழித்து, “டொக்டர், இவருக்கு இமை இறங்குது” என்று வந்து சொன்னவர் ஒரு தாதி. அவர் கவனித்திருக்காவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று இன்றைக்கும் யோசிப்பேன். படித்து, பரீட்சை எழுதி, விளக்கு வெளிச்சத்தில் நின்று பார்த்த எனக்கே பிடிபடாத ஒன்று, தென்னங்காணிக்குள் நித்திரைக் கண்ணோடு நின்ற உங்களுக்குப் பிடிபட்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு மனம் வராது.

ஆனாலும் உங்களுக்கு ஆறுதல் மட்டும் சொல்லி அனுப்ப நான் விரும்பவில்லை. இழந்த நேரம் இருக்கிறது. நீங்கள் அதை ஒரு மணியில் தேடுகிறீர்கள். அது அங்கே இல்லை. ஒரு மணிக்கே கொண்டுவந்திருந்தாலும், பாம்பைக் காணாமல், குணங்குறி எதுவும் இல்லாமல், நாங்கள் உடனே விஷமுறிவு மருந்து ஏற்றியிருக்க மாட்டோம். படுக்க வைத்து, மணிக்கு மணி கண்ணிமையையும் மூச்சையும் பார்த்துக்கொண்டிருந்திருப்போம். அந்த மருந்து எல்லாக் கடிக்கும் எடுத்த எடுப்பில் கொடுக்கும் மருந்தில்லை. நஞ்சு ஏறியதற்கான அடையாளம் தெரிந்த பிறகே கொடுப்பது. முதல் அடையாளம் நாலு மணிக்கு வந்த வயிற்றுவலி. திட்டமான அடையாளம் ஐந்தரைக்கு இறங்கிய இமை. அங்கிருந்து ஏழரை வரை போன இரண்டு மணித்தியாலம்தான் உண்மையான இழப்பு. அது முந்தியிருந்தால் மெசின் தேவைப்பட்டிருக்காது என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். மெசினில் இருந்த நாட்கள் குறைந்திருக்கலாம், வழியில் மூச்சு நிற்கும் ஆபத்து நிச்சயம் குறைந்திருக்கும்.

இதை வாசிக்கும் எல்லோரும் நினைவில் வைக்க வேண்டிய இடமும் அதுதான். நிலத்தில் படுத்தவர் விடியப்புறம் காரணமில்லாமல் வயிற்றுவலி என்றால், சத்தி எடுத்தால், கண் இமை இறங்கினால், விழுங்க முடியவில்லை, கதை குழறுகிறது என்றால், காயம் தேடி மினைக்கெட வேண்டாம். கூழைக் குற்றம் சொல்லவும் வேண்டாம். பாம்பு கடித்தது என்றே எண்ணிக்கொண்டு வெளிக்கிடுங்கள். 1996 தொடக்கம் மூன்று ஆண்டுகள் அநுராதபுரத்தில் கட்டுவிரியன் கடித்த 210 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய எல்லோருமே இரவில் தரையில் படுத்திருந்தவர்கள். பெரும்பாலானோருக்கு வயிற்றுவலி இருந்தது. பாதிக்குக் கிட்டப் பேருக்கு வெண்டிலேற்றர் தேவைப்பட்டது. உங்கள் மச்சானின் கதை அந்த ஆய்வின் ஒரு பக்கத்தை எடுத்து எழுதியது போல இருக்கிறது.

“ஊசி போட்டும் மெசினுக்குப் போனாரே?”

இந்தக் கேள்வியை ஐசியு என்ற தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள், கோபத்தோடும் கேட்டிருக்கிறார்கள். விஷமுறிவு மருந்து இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் நஞ்சைப் பிடித்துக் கட்டும். கட்டுவிரியனின் நஞ்சு இரத்தத்தில் மட்டும் நிற்பதில்லை. நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்துக்குப் போய், நரம்பின் நுனியையே கெடுத்துவிடுகிறது. கெட்ட நுனி திரும்ப வளர வேண்டும். அதற்கு நாட்கள் எடுக்கும், சிலருக்குக் கிழமைகள் எடுக்கும். அதுவரை நெஞ்சுத் தசையின் வேலையை மெசின் செய்கிறது, அவ்வளவுதான். நஞ்சு புதிதாகப் போய்ச் சேதம் செய்யாமல் மருந்து தடுத்தது. நடந்த சேதம் ஆறும்வரை மெசின் மூச்சைப் பிடித்து வைத்திருந்தது. மருந்து தோற்றதால் மெசின் வந்தது என்று எண்ண வேண்டாம். இரண்டுக்கும் வேறு வேறு வேலை.

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. ஐசியுவில் மாமி அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு, “என்ரை பிள்ளை இனித் தப்பாது” என்று அழுததை, கண் திறக்க முடியாமல் கிடந்த மச்சான் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாராம். இப்படி நடக்கும். இமை, விரல், நாக்கு எல்லாம் செயலிழந்து, ரோச் அடித்தால் கண்மணிகூடச் சுருங்காமல் இருக்கும். பார்ப்பவருக்கு ஆள் போய்விட்டார் போலவே தெரியும். ஆனால் உள்ளே நினைவு தெளிவாக இருக்கலாம். அதனால்தான் எங்கள் தாதிமாரிடம் திரும்பத் திரும்பச் சொல்வேன்: இவருக்கு ஊசி போடுமுன் சொல்லிவிட்டுப் போடுங்கள், என்ன கிழமை என்று சொல்லுங்கள், நல்லாய் வருகிறீர்கள் என்று சொல்லுங்கள். உறவினரும் அழுகையை வெளி விறாந்தைக்குக் கொண்டுபோக வேண்டும். மாமியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவருக்கு யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். அது எங்கள் கடமை.

விஷகடி வைத்தியரிடம் போனது பற்றி

அவரை நான் பழிக்கப்போவதில்லை. ரோட்டு மூடிக் கிடந்த, மருந்து வராத காலங்களில் எங்கள் சனத்துக்கு எட்டிய தூரத்தில் இருந்தவர்கள் அவர்கள்தான். அவர்கள் கையில் பலர் பிழைத்ததும் உண்மை. ஏன் பிழைத்தார்கள் என்பதைத்தான் விளங்கிக்கொள்ள வேண்டும். 2012, 2013 காலத்தில் நாடு முழுவதும் வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கின்படி, இலங்கையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது. அதில் நஞ்சு ஏறுவது சுமார் 30,000 பேருக்கு. மற்ற 50,000 பேரையும் கடித்தது நஞ்சில்லாத பாம்பு, அல்லது நஞ்சுள்ள பாம்பு நஞ்சை இறக்காமல் கடித்த வெறுங்கடி. அந்த 50,000 பேரும் கோயிலுக்குப் போனாலும் பிழைப்பார்கள், வீட்டில் இருந்தாலும் பிழைப்பார்கள், நூல் கட்டினாலும் பிழைப்பார்கள். நாட்டு வைத்தியரின் பெயர் அவர்களால் நிலைக்கிறது. கட்டுவிரியன் நஞ்சு ஏறி நெஞ்சுத் தசை நின்றவரை நூலும் சாறும் மூச்சு விட வைக்காது.

அன்று அங்கே நடந்தவற்றில் என்னை நடுங்க வைத்தது பார்வை பார்த்ததில்லை, சாறு பருக்கியதுதான். கதை குழறிய ஆளுக்கு விழுங்கும் தசையும் செயலிழந்துகொண்டிருக்கும். வாயில் விட்டது வயிற்றுக்குப் போகாமல் நெஞ்சுக்குள் இறங்கலாம். விடியப்புறம் நீங்கள் கொடுத்த பிளேன்ரீயிலும் அந்த ஆபத்து இருந்தது. வாகனத்தில் மல்லாக்கப் படுக்க வைத்து மடியில் தலையைத் தாங்கிக்கொண்டு போனதாக எழுதியிருக்கிறீர்கள். பாசத்தில் செய்தது, விளங்குகிறது. ஆனால் இப்படிப்பட்டவரை ஒருக்களித்துத்தான் படுக்க வைக்க வேண்டும். அப்போதுதான் சத்தியும் எச்சிலும் வெளியே வழியும், நாக்கும் பின்னுக்கு விழாது.

சாரத் துணியால் இறுக்கிக் கட்டியது இன்னொன்று. இறுக்கிய கட்டு நஞ்சை நிறுத்துவதில்லை. கைக்கு இரத்தம் போவதைத்தான் நிறுத்துகிறது. கண்ணாடி விரியன் போன்றவற்றின் கடியில் கையையே இழக்கச் செய்யலாம். கீறுவது, உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது எதுவும் வேண்டாம். மோதிரம், காப்பு, கைக்கடிகாரத்தைக் கழற்றுங்கள். கடிபட்ட கையை அல்லது காலை ஒரு தடியோடு சேர்த்து அசையாமல் வையுங்கள். ஆளை நடக்க விடாதீர்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். 2018 முதல் யாழ்ப்பாணத்திலும் அந்தச் சேவை இருக்கிறது. அது வரத் தாமதமாகும் ஒதுக்குப்புறமென்றால் அழைத்துச் சொல்லிக்கொண்டே, கிடைத்த வாகனத்தில் வெளிக்கிடுங்கள். வழியில் மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். கட்டுவிரியன் கடியில் இதயம் பெரும்பாலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். காற்றை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால், ஆஸ்பத்திரி வாசல் வரை ஆளை உயிரோடு கொண்டுவர முடியும்.

ஒன்பதாம் நாள் தடிப்பும், இனிமேல் அந்த ஊசியும்

ஒன்பதாம் நாள் வந்தது மிச்ச விஷம் இல்லை. நாங்கள் பாவிக்கும் விஷமுறிவு மருந்து இந்தியாவில் குதிரையின் இரத்தத்திலிருந்து தயாரிக்கப்படுவது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலுக்கும் எதிரானது. குதிரையின் புரதத்தை மனித உடம்பு அந்நியப் பொருளாகப் பார்த்து, ஐந்து முதல் பதினாலு நாளுக்குள் எதிர்ப்புக் காட்டலாம். காய்ச்சல், மூட்டுவலி, அரிப்போடு தடிப்பு வரும், சில நாள் மருந்தோடு மாறிவிடும். பத்தியம் பிழைத்ததால் வந்தது என்று அம்மா உங்கள் மனைவியில் கோபப்பட்டதாக எழுதியிருந்தீர்கள். பாவம், அவர் கொடுத்த மீன் குழம்புக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. அம்மாவிடம் இதை வாசித்துக் காட்டுங்கள்.

மருந்து ஏற்றியவுடன் வந்த ஒவ்வாமை வேறு விசயம். அது எங்கள் நாட்டில் அடிக்கடி பார்க்கிற ஒன்று. தோலில் துளி விட்டுச் சோதித்தெல்லாம் முன்கூட்டிக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் ஒவ்வாமையை அடக்கும் அட்ரினலின் மருந்தைப் பக்கத்தில் ஆயத்தமாக வைத்துக்கொண்டுதான் ஏற்றத் தொடங்குவோம். உங்கள் மச்சானுக்கும் அப்படித்தான் சமாளித்திருக்கிறார்கள். இனி அந்த மருந்தே கூடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படியில்லை. இன்னொரு முறை நஞ்சேறிய கடி பட்டால், ஒவ்வாமை வரும் என்று தெரிந்திருந்தும் கொடுத்தே ஆகவேண்டும். இன்னும் கூடுதல் ஆயத்தத்தோடு கொடுப்பார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வெளியேறும்போது தந்த, டயக்னோசிஸ் காட் என்ற நோய் விவர அட்டையைப் படமெடுத்துக் கைபேசியில் வைத்திருக்கச் சொல்லுங்கள். அங்குள்ள குடும்ப வைத்தியரிடமும் காட்டட்டும்.

கொன்ற பாம்பு

சோடி தேடி வராது, தம்பி. பாம்புக்கு அப்படி ஒரு குடும்ப வாழ்க்கையும் இல்லை, ஆளை நினைவு வைத்துப் பின்தொடரும் மூளையும் இல்லை. ஆனால் அம்மாவின் பயத்தோடு வாதாட வேண்டாம். நாகதம்பிரானுக்குப் பொங்குவதாக நேர்ந்திருக்கிறார் என்றால், புதூர்க் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பொங்கிவிட்டு வாருங்கள். பிள்ளை பிழைத்த நன்றிக்குப் பொங்குவதில் எந்த வைத்தியருக்கும் ஆட்சேபம் இருக்காது.

அடித்ததைப் பற்றி மட்டும் ஒன்று. அந்த இருட்டில், மச்சான் கிடந்த நிலையில், நீங்கள் செய்ததைக் குற்றம் என்று சொல்ல மாட்டேன். அடுத்தமுறை யாருக்காவது நடந்தால் அதில் நேரத்தையும் உயிரையும் பணயம் வைக்க வேண்டாம். எட்ட நின்று கைபேசியில் ஒரு படம் எடுத்தால் எங்களுக்குப் போதும். படம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, குணங்குறியைப் பார்த்தே மருத்துவம் தொடங்கலாம். செத்த பாம்பின் தலையும் கொஞ்ச நேரத்துக்குக் கடிக்கக்கூடியது. சொப்பிங் பைக்குள் போட்டுக்கொண்டு வந்து மேசையில் கொட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிள்ளைகளுக்குக் கொடுத்த வாக்கு

பள்ளிக்கூட விடுமுறைக்குக் கூடாரத்தில் தங்கக் கூட்டிப் போவதாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டீர்கள். மனைவி மறுக்கிறார். “தறப்பாளுக்குள்ள படுத்து எழும்பினது எனக்குக் காணும்” என்று அவர் சொன்னதை எழுதிவிட்டு, அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது என்று கேட்கிறீர்கள்.

விளங்கப்படுத்த வேண்டியது நீங்கள் அவருக்கு இல்லை என்று நினைக்கிறேன். 2009 வரை வன்னியில் இருந்த பெண் என்று எழுதியிருக்கிறீர்கள். கூடாரம், மண் தரை, இரவு, பாம்பு என்ற நாலு சொல்லும் உங்களுக்கு ஒரு பயணம். அவருக்கு அது பதுங்குகுழி, இடப்பெயர்வு, மழை ஒழுகும் தறப்பாள். அந்த அனுபவத்துக்கு மேலே இப்போது மச்சானின் கடியும் சேர்ந்திருக்கிறது. புள்ளிவிவரம் சொல்லி அவரை வெல்லப் பார்க்காதீர்கள். ஒரு நாள் பிள்ளைகள் படுத்த பிறகு, அந்த நாட்களில் இரவில் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். சொன்னால் கேளுங்கள்; சொல்லாவிட்டால் விடுங்கள். இந்த விடுமுறைக்குப் பிள்ளைகளைப் பகலில் மட்டும் களப்புக்குக் கூட்டிப் போய்ப் பறவை காட்டிவிட்டு, பொழுதுபட வீடு வந்து சேரலாம். பூநாரை பார்ப்பதற்குத் தரையில் படுக்க வேண்டும் என்று யார் சொன்னது? மாரியில் வரும் பறவைகள் பல போயிருந்தாலும், நிற்கிற கொக்கும் நாரையும் பிள்ளைகளுக்குக் காணும்.

ஒருநாள் மனைவிக்கும் மனம் வந்து, எல்லோருமாகத் தங்கப் போகும் காலம் வரலாம். அப்போதைக்காகச் சிலவற்றை எழுதி வைக்கிறேன். சுண்டிக்குளம் 2015 முதல் தேசியப் பூங்கா. அதன் எல்லைக்குள் தங்குவதென்றால் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். வெளியே தங்குவதென்றால், தென்னங்காணியில் உரிமட்டைக் குவியல், ஓலைக் கும்பி, விறகு அடுக்கு இருக்கும் பக்கத்தைத் தவிர்த்து, கூட்டித் துப்புரவாக்கிய வெளியில் கூடாரத்தை அடியுங்கள். தரையும் சுவரும் சேர்த்துத் தைத்த கூடாரமாக இருக்க வேண்டும். சிப்பை இழுத்து மூடியே வைக்க வேண்டும், பகலிலும்தான். வெளியே படுக்க ஆசைப்படுபவருக்கு மடிப்புக் கட்டில் கொடுங்கள், நுளம்பு வலையைக் கட்டி அதன் விளிம்பைப் படுக்கைக்குக் கீழே செருகுங்கள். நேபாளத்தின் தெற்குச் சமவெளியில் பாம்புக் கடியை ஆராய்ந்தவர்கள், நுளம்பு வலைக்குள் படுத்தவர்களுக்குக் கடி குறைவு என்று கண்டிருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கும் விரட்டி மருந்தும் செய்யாத வேலையை ஒரு வலை செய்கிறது. உள்ளிப் பூண்டுத் தண்ணீர், மண்ணெண்ணெய், உப்பு தெளிப்பதை நம்பிப் படுக்காதீர்கள்.

இரவில் ஒதுங்கப் போகும்போது சப்பாத்தும் ரோச்சும் வேண்டும், சப்பாத்தை உதறிவிட்டுப் போட வேண்டும். சாப்பாட்டு மிச்சத்தைக் கட்டித் தூக்கி வையுங்கள். மிச்சத்துக்கு எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். போகுமுன்பே, விஷமுறிவு மருந்து உள்ள கிட்டிய ஆஸ்பத்திரி எது, அங்கே போக எவ்வளவு நேரம் என்று விசாரித்து வையுங்கள். ஒரு வாகனம் இரவு முழுக்க அங்கேயே நிற்க வேண்டும், கைபேசிக்குச் சிக்னல் கிடைக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குடாநாட்டில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் மணல் நிலத்தில் சுருட்டை விரியன் இருக்கிறது. சின்னப் பாம்பு என்பதால் கடியை அலட்சியம் செய்கிறார்கள். வீக்கமும் அவ்வளவு பெரிதாக இராது. ஆனால் இரத்தம் உறையும் தன்மையைக் கெடுத்துவிடும். பல் முரசில் இரத்தம் கசியும், சிறுநீரில் போகும். கொஞ்ச இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து இருபது நிமிடம் அசையாமல் வைத்து, உறைகிறதா என்று பார்த்தே அதைக் கண்டுபிடிக்கிறோம். எந்தப் பாம்பு கடித்தாலும், ஒன்றும் செய்யவில்லை என்று தோன்றினாலும், ஒரு நாள் முழுக்க ஆஸ்பத்திரியில் இருந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

உங்கள் நித்திரை

பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு சில கிழமை நித்திரை குழம்புவது, அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருவது, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுவது எல்லோருக்கும் வரக்கூடியது. தானாக அடங்கும். ஒரு மாதம் தாண்டியும் அடங்காமல் இருந்தால் அதற்கு மருத்துவம் வேண்டும். உங்களுக்கு நாலு மாதம் ஆகிவிட்டது. கட்டிலுக்குக் கீழே ஒவ்வொரு முறை ரோச் அடித்துப் பார்க்கும்போதும் ஒரு நிமிடம் நிம்மதி வருகிறது. பிறகு பயம் இன்னும் கூடுகிறது, அதனால் மறுபடி எழும்புகிறீர்கள். இதை மனவலிமையால் மட்டும் நிறுத்தப் பார்த்துத் தோற்றவர்களை நிறையக் கண்டிருக்கிறேன். ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். “விசர் ஆஸ்பத்திரிக்குப் போறான்” என்று யாரும் சொல்லிவிடுவார்களோ என்ற தயக்கம் கடிதத்தில் தெரிகிறது. நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசி, பயத்தைப் படிப்படியாகக் குறைக்கும் பேச்சுவழி மருத்துவம்தான் பெரும்பாலும் அங்கே நடக்கும், பல வேளை மாத்திரையே தேவைப்படாது. அதுவரை ஒன்று செய்து பாருங்கள்: படுக்குமுன் ஒருமுறை மட்டும் அறையை வடிவாகப் பார்த்துவிட்டு, ரோச்சை மனைவியிடம் கொடுத்துவிடுங்கள். இரவுக்கு ஒரு பியரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அது நித்திரையைக் கொண்டுவருவது போல வந்து மூன்று மணிக்கு எழுப்பிவிடும், நிறுத்துங்கள்.

கடைசிப் பக்கத்தில், மச்சான் இரண்டு முறை அழைத்தும் எடுக்கத் துணிவு வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் உங்களைக் குறை சொல்லத்தான் அழைக்கிறார் என்று நீங்களாகவே முடிவு செய்துவிட்டீர்கள். ஆறு நாள் கண் திறக்காமல் கிடந்தபோது யார் யார் என்ன பேசினார்கள் என்று அவருக்குத் தெரியும். ஒவ்வொரு பின்னேரமும் நீங்கள் பக்கத்தில் இருந்து பள்ளிக்கூடக் கதை சொன்னதாகவும் இதே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதையும் அவர் கேட்டிருப்பார். இப்போது ரொறன்ரோவில் இரவு ஒன்பது மணி என்றால் எங்களுக்குக் காலை ஆறரை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுமுன், அந்த நேரத்தில் ஒருநாள் நீங்களாக அழையுங்கள்.